போய்ப் பார்ப்பதா, கழற்றி அனுப்புவதா, மாற்றிவிடுவதா? வானிலை சென்சார் பராமரிப்பில் ஐந்து வழிகள்

வெட்டவெளியில் ஒரு வானிலை நிலையத்தை நிறுத்துவது ஒரு நாள் வேலை. அது தரும் எண்களை நம்பும்படி வைத்திருப்பது வருடக்கணக்கில் நீளும் வேலை. பண்ணையிலோ, பள்ளி மாடியிலோ, ஆராய்ச்சித் திடலிலோ நிலையம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். மாதாமாதம் போய்த் துடைத்துப் பார்ப்பதா? வருடத்துக்கு ஒருமுறை கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவதா? மலிவான சென்சார்தானே என்று பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவதா? திரையில் தரவைப் பார்த்துக்கொண்டிருந்து, சந்தேகம் வந்தால் மட்டும் கிளம்புவதா? இல்லை, ஒன்றுக்கு மூன்றாக மாட்டி வைத்துவிடுவதா?

இந்த ஐந்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒவ்வொன்றும் ஒருவகைக் கோளாறைப் பிடிக்கும், இன்னொரு வகையைக் கோட்டை விடும். அதனால் கோளாறுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு வழிகளுக்கு வருவோம்.

## என்னென்ன கெடுகிறது

முதலாவது, அழுக்கும் அடைப்பும். மழைமானியின் புனலில் சருகு, உள்ளே நிரம்ப நிரம்பச் சாய்ந்து மழையை எண்ணும் கிண்ணத்தில் நூலாம்படை, வெப்பநிலை சென்சாரை வெயிலிலிருந்து மறைக்கும் கூட்டின் தட்டுகளுக்கு நடுவே குளவிக் கூடு, சூரியக் கதிர்மானியின் கண்ணாடிக் குமிழில் பறவை எச்சம்.

இரண்டாவது, மெல்ல விலகுதல். ஈரப்பத சென்சாருக்குள் இருக்கும் பாலிமர் படலம் தூசியும் ரசாயன ஆவியும் பட்டுப் பட்டுத் தன் குணம் மாறுகிறது. மலிவான அழுத்த சென்சார்கள் வருடத்துக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) அளவுக்கு நகரக்கூடியவை என்று அவற்றின் விவரத்தாளிலேயே போட்டிருப்பார்கள். காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ண அனிமோமீட்டரின் பேரிங் தேய்ந்தால் அது பலமான காற்றில் சரியாகவே சுழலும், இளங்காற்றில் மட்டும் நின்றுவிடும்.

மூன்றாவது, திடீர்ச் சாவு. எலி கேபிளைக் கடிக்கும், இணைப்பில் துரு ஏறும், பேட்டரி இறங்கும். இது எரிச்சலூட்டுமே தவிர ஆபத்தில்லை. தரவு நின்றுபோனால் யாருக்கும் தெரிந்துவிடும்.

நான்காவது, சுற்றுப்புறம் மாறுவது. நிறுவியபோது இடுப்பளவு இருந்த மரம் வளர்ந்து காற்றை மறைக்கும். புல்தரை இருந்த இடத்தில் சிமென்ட் போடுவார்கள். சென்சாரில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் அது அளக்கும் இடமே வேறாகிவிட்டிருக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

செலவை வைத்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் அதைக் கடைசியில் வைப்பேன். ஐந்து கேள்விகளை ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டும்.

மேலே சொன்ன நான்கு கோளாறுகளில் எவற்றை அது பிடிக்கிறது? கோளாறு தொடங்கியதற்கும் நமக்குத் தெரிவதற்கும் நடுவே எத்தனை நாள் போகிறது? பராமரிப்பாலேயே தரவில் இடைவெளியோ பொய்யான பதிவோ விழுகிறதா? அதைச் செய்ய என்ன திறமையும் நேரமும் வேண்டும், செய்பவர் மாறிவிட்டால் என்ன ஆகும்?

ஐந்தாவது கேள்விதான் எனக்கு முக்கியம்: ஏற்கெனவே பதிவாகிவிட்ட தரவைத் திருத்த அந்த வழி உதவுமா? பராமரிப்பு என்றாலே நாளை முதல் சரியாக அளப்பதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஈரப்பத சென்சார் இன்று நான்கு சதவீதம் கூட்டிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தால், போன ஆறு மாதப் பதிவில் எவ்வளவு தப்பு, எப்போதிலிருந்து என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். அதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு ஒழுங்கு வேண்டும். எதையும் துடைப்பதற்கு முன், திருகாணியைத் தொடுவதற்கு முன், அது இருக்கிற நிலையில் ஒரு அளவு எடுத்து எழுத வேண்டும். வேலை முடிந்த பிறகு இன்னொரு அளவு. துணியை எடுத்துத் துடைத்துவிட்டுப் பிறகு ஒப்பிட்டால், கடந்த காலத்தின் சாட்சியை நம் கையாலேயே அழித்ததாகிவிடும்.

## வழி 1: நாள் குறித்துப் போய்ப் பார்ப்பது

அழுக்கு, அடைப்பு, சுற்றுப்புறம் மூன்றுக்கும் இதற்கு ஈடான வழி கிடையாது. குளவிக் கூட்டை எந்த மென்பொருளும் எடுத்துப் போடாது.

மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா சென்சார்களையும்விட அதிகம் கெடுவது இதுதான், களத்திலேயே முழுமையாகச் சோதிக்க முடிவதும் இதுதான். புனலின் விட்டம் 200 மில்லிமீட்டர் என்றால் அதன் வாய்ப் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். கிண்ணம் ஒருமுறை சாய்ந்தால் 0.2 மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சாய்வுக்கு 6.28 மில்லிலிட்டர் தண்ணீர். ஆக, அரை லிட்டர் தண்ணீருக்கு 79 அல்லது 80 சாய்வு வர வேண்டும். 74தான் வந்தது என்றால் மானி 7 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. தண்ணீரை மடமடவென்று ஊற்றக் கூடாது. கிண்ணம் சாயும் நேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போவதால், வேகமாக ஊற்றினால் நல்ல மானியும் குறைத்துத்தான் காட்டும். அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் சொட்டுச் சொட்டாக, அரை லிட்டர் இறங்க நாற்பது நிமிடமாவது ஆகும்படி விட வேண்டும். அது மணிக்கு 24 மில்லிமீட்டர் மழைக்குச் சமம்.

இதை முதலில் அழுக்கோடு அழுக்காகச் செய்து எண்ணை எழுதிக்கொண்டு, அப்புறம் கிண்ணத்தைக் கழுவி, அடித்தட்டு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். இரண்டு சோதனையும் சேர்ந்தால் நேரம் ஓடும். அதனால்தான் பலரும் முதல் சோதனையைத் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்கவே கூடாதது அதுதான்.

மறைமுகச் செலவுகள் இங்கே நிறைய. சோதனைக்கு ஊற்றிய தண்ணீரை லாகர் (அளவுகளைப் பதிவு செய்யும் கருவி) மழையாகத்தான் எழுதும். கேபிளைக் கழற்றி வைக்காவிட்டால், அல்லது அந்த நேரத்தைக் குறித்துவைத்துப் பிறகு நீக்காவிட்டால், வறண்ட நாளொன்றில் 16 மில்லிமீட்டர் மழை பெய்ததாகப் பதிவு நிற்கும். வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அது சோதனை என்று தெரிய வழியே இல்லை. அதேபோல, கூட்டுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் ஆளின் உடல் சூடும், நனைந்த துணியின் ஈரமும் அந்த அரை மணி நேரத் தரவில் ஏறிவிடும். போன நேரமும் திரும்பிய நேரமும் எழுதப்பட வேண்டும் என்பது இதற்காகவே.

இந்த வழியின் பெரிய பலவீனம் மெல்ல விலகுதல். சுத்தமாகப் பளபளக்கும் ஈரப்பத சென்சார் ஐந்து சதவீதம் தப்பாகவும் காட்டலாம், கண்ணுக்குத் தெரியாது. கையோடு ஒரு ஒப்பீட்டுக் கருவி கொண்டுபோனால் இந்தக் குறை ஓரளவு தீரும். ஆனால் பத்து நிமிடம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போதாது. அதே உயரத்தில், அதே மாதிரியான கூட்டில், ஒரு முழுப் பகலும் இரவும் வைத்தால்தான் வெயில் நேரத்து வித்தியாசமும் பனி நேரத்து வித்தியாசமும் தனித்தனியாகத் தெரியும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை போவது? தேதியைவிடப் பருவத்தை வைத்து முடிவு செய்வது நல்லது. மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன் ஒன்று, இலையுதிரும் காலத்தில் ஒன்று, பூச்சிகள் கூடு கட்டும் காலத்தில் ஒன்று. அமெரிக்காவில் 1994 முதல் இயங்கும் ஓக்லஹோமா மெசோநெட் என்ற வானிலை நிலைய வலையமைப்பு தன் நூற்றுச் சொச்சம் நிலையங்களுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களை ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறை அனுப்புகிறது. தரவுச் சோதனையில் அவ்வளவு பெயர் பெற்ற வலையமைப்பும் நேரில் போவதை விடவில்லை.

## வழி 2: கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவது

மெல்ல விலகுதலுக்கு உரிய வழி இது. கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், தரம் தெரிந்த ஒரு மூலக்கருவியோடு பல புள்ளிகளில் ஒப்பிடுகிறார்கள். சான்றிதழோடு வரும் எண்ணை யாரிடமும் காட்டலாம். நீதிமன்றத்துக்கோ, காப்பீட்டுக்கோ, ஆய்விதழுக்கோ தரவு போகிறது என்றால் வேறு வழியே இல்லை.

அனுப்பும்போது ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: திருத்தம் செய்வதற்கு முன் வந்த நிலையில் எடுத்த அளவும் அறிக்கையில் இருக்க வேண்டும். கேட்காவிட்டால் சில இடங்களில் சரிசெய்த பின் எடுத்த அளவை மட்டும் கொடுப்பார்கள். புதுச் சான்றிதழ் கிடைக்கும், போன வருடத் தரவுக்கு அதனால் ஒரு பயனும் இருக்காது.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகளும் உண்டு. சென்சார் ஊருக்குப் போயிருக்கும் வாரங்களில் தரவில் ஓட்டை. அதை அடைக்க ஒரு மாற்று சென்சார் வேண்டும், அதற்கும் அளவுத்திருத்தம் (மூலக்கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது) வேண்டும். போக்குவரத்தில் அடிபட்டால், கிளம்பியபோது இருந்ததைவிட மோசமாகத் திரும்பி வரலாம். திரும்பி வந்ததும் புதிய திருத்த எண்ணை லாகரில் ஏற்ற வேண்டும். இரண்டு சென்சார்களின் எண்களை மாற்றிப் போட்டுவிடுவது மிக எளிதாக நடக்கும் தவறு. சீரியல் எண்ணையும் திருத்த எண்ணையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேல், ஆய்வகம் சென்சாரை மட்டுமே சோதிக்கிறது. களத்தில் வெப்பநிலையைத் தப்பாக்குவது பெரும்பாலும் சென்சார் அல்ல, அதைச் சுற்றியுள்ள கூடு. காற்றில்லாத வெயில் நாளில் விசிறி இல்லாத கூடு தானே சூடாகி ஒன்றிரண்டு டிகிரி கூட்டிவிடும். 0.1 டிகிரி துல்லியத்துக்குச் சான்றிதழ் வாங்கி, அழுக்கேறி மஞ்சளான கூட்டுக்குள் வைத்தால் அந்தச் சான்றிதழுக்கு அர்த்தமில்லை.

ஆய்வகம் எட்டாதவர்கள் வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். ஈரப்பதத்துக்கு சமையல் உப்பே போதும். அயோடின் கலக்காத உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, தண்ணீரைவிட உப்பு அதிகம் தெரியும்படி ஈர மணல் பதத்தில் ஒரு மூடிய பாத்திரத்தில் வைத்தால், அதற்கு மேலே உள்ள காற்று 25 டிகிரியில் 75.3 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் நிற்கும். 20 டிகிரியில் 75.5, 30 டிகிரியில் 75.1. அறை வெப்பம் கொஞ்சம் மாறினாலும் இந்த எண் அசைவதில்லை என்பதுதான் இதன் அழகு. சென்சார் கரைசலைத் தொடாமல் உள்ளே தொங்க வேண்டும், ஓர் இரவு முழுக்க விட வேண்டும். மக்னீசியம் குளோரைடு கிடைத்தால் அது சுமார் 33 சதவீதத்தில் இரண்டாவது புள்ளி தரும். வெப்பநிலைக்கு, நொறுக்கிய ஐஸும் வடித்த நீரும் கலந்து, கிளறிக்கொண்டே இருந்தால் பூஜ்ஜியம் கிடைக்கும். நீர் புகாத சென்சாருக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

## வழி 3: பழையதை எறிந்துவிட்டுப் புதியது

சில்லு அளவிலான டிஜிட்டல் ஈரப்பத, அழுத்த சென்சார்கள் இப்போது அளவுத்திருத்தக் கட்டணத்தைவிட மலிவு. அவற்றை அனுப்பித் திருத்துவது பல நேரம் கட்டுபடியாகாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நியாயமான முடிவுதான்.

ஆனால் மாற்றும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. பழையதைக் கழற்றிய அதே நிமிடம் புதியதை மாட்டினால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் தரவில் ஒரு படியாக விழும். பின்னால் பார்ப்பவர் அதைக் காலநிலை மாற்றம் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். 1980களின் நடுவில் அமெரிக்காவின் கூட்டுறவு வானிலை நிலையங்களில் கண்ணாடி வெப்பமானிகளுக்குப் பதில் மின்னணு வெப்பமானிகளை வைத்தார்கள். சென்சாரோடு கூடும் மாறியது. அதன் விளைவாக, சராசரியாகப் பகல் உச்ச வெப்பம் சுமார் 0.4 டிகிரி குறைந்தும், இரவுக் குறைந்தபட்சம் சுமார் 0.3 டிகிரி கூடியும் பதிவானது. வானிலை மாறவே இல்லை, கருவி மட்டும்தான் மாறியது. அதைக் கண்டுபிடித்துத் திருத்த ஆய்வாளர்கள் தனியாக உழைக்க வேண்டியிருந்தது.

இதைத் தவிர்க்க, பழையதும் புதியதும் சில வாரம் ஒன்றாக ஓடட்டும். அது முடியாத இடத்தில், கழற்றியதை எறியாமல் மேலே சொன்ன உப்புச் சோதனையில் வைத்து அது எந்த நிலையில் ஓய்வு பெற்றது என்று எழுதிவிட்டு எறியுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்தால் மூன்றாவது வழியின் மிகப் பெரிய குறை நீங்கிவிடும்.

## வழி 4: தரவைப் பார்த்துக் கிளம்புவது

பயணம் குறையும், கோளாறும் சீக்கிரம் தெரியும். பல நிலையங்கள் வைத்திருப்பவருக்கு இது கட்டாயம். எல்லை தாண்டிய எண், ஒரே பாய்ச்சலில் ஏறிய எண், மணிக்கணக்கில் அசையாத எண் ஆகியவற்றைத் தானாகப் பிடிக்கும் சோதனைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவை செத்துப்போன சென்சாரைப் பிடிக்கும். நோயுற்ற சென்சாரைப் பிடிக்க அதன் அடையாளங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

மழை நின்ற பிறகும் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை 0.2, மறுபடி 0.2, மறுபடி 0.2 என்று மணிக்கணக்கில் ஒரே சீராகப் பதிவு நீள்கிறதா? புனல் பாதி அடைத்திருக்கிறது. தேங்கிய தண்ணீர் சொட்டுகிறது. இயற்கை மழை அவ்வளவு ஒழுங்காகப் பெய்யாது. இதில் மொத்த மழையளவு ஏறக்குறையச் சரியாக இருக்கலாம், மழையின் வேகம்தான் முழுப் பொய். வெள்ளக் கணிப்புக்கு அந்தத் தரவு உதவாது.

பகல் உச்ச வெப்பம் மட்டும் மாதத்துக்கு மாதம் பக்கத்து நிலையத்தைவிட ஏறிக்கொண்டே போய், இரவு வெப்பம் ஒத்துப்போகிறதா? குற்றவாளி கூடு. அழுக்கேறி வெயிலை உறிஞ்சுகிறது, அல்லது விசிறி வைத்த கூடாக இருந்தால் விசிறி நின்றுவிட்டது. பகலும் இரவும் ஒரே அளவு விலகினால் சென்சாரையோ கேபிளையோ சந்தேகப்படலாம்.

விடிய விடிய மூடுபனி, நாள் முழுக்க அடைமழை. அந்த நேரங்களில் ஈரப்பதம் 98, 100 என்று வர வேண்டும். அந்த உச்சம் போன வருடம் 99, இந்த வருடம் 94 என்றால் சென்சார் நகர்ந்துவிட்டது. கதிர்மானியில் மேகமற்ற நாட்களின் நண்பகல் உச்சம் படிப்படியாக இறங்கி, ஒரு மழைக்குப் பின் சட்டென்று ஏறினால் அது தூசி. மேகமற்ற நாளில் காலையும் மாலையும் சமச்சீராக இல்லாவிட்டால் மட்டம் சாய்ந்திருக்கிறது. காற்றில், பூஜ்ஜியம் காட்டும் மணிகளின் எண்ணிக்கை வருடா வருடம் கூடினால் பேரிங்கையோ, பக்கத்து மரத்தையோ பார்க்க வேண்டும்.

பக்கத்து நிலையத்தோடு ஒப்பிடும்போது இரண்டு எச்சரிக்கை. இரு இடங்களுக்கிடையே வித்தியாசம் இருப்பது இயல்பு. வித்தியாசம் மாறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், மழையை நாள் கணக்கில் ஒப்பிடாதீர்கள். இடிமழை இரண்டு கிலோமீட்டருக்குள் பெய்தும் பெய்யாமலும் போகும். மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டே போய், ஒன்றின் கூட்டுத்தொகைக்கு எதிராக இன்னொன்றின் கூட்டுத்தொகையை வரைந்தால், கோடு எங்கே வளைகிறதோ அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

பழைய தரவைத் திருத்துவதில் இந்த வழிக்குத் தனிப் பலம் உண்டு: கோளாறு எந்த வாரத்தில் தொடங்கியது என்று சொல்வது இது ஒன்றுதான். நேரில் எடுத்த அளவு எவ்வளவு தப்பு என்று சொல்லும், தரவு எப்போதிலிருந்து என்று சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் திருத்தம்.

மறைந்திருக்கும் செலவு, மனித கவனம். யாராவது வாரம் ஒருமுறையாவது வரைபடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்ப்பவர் மாறினால் அடையாளம் காணும் பழக்கமும் அவரோடு போய்விடும். பொய் எச்சரிக்கைகள் அதிகமானால் உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிடும் மனநிலை வரும். பக்கத்தில் நம்பகமான நிலையமே இல்லாத தனித்த இடத்தில் இந்த வழியின் பாதி பலம் போய்விடும்.

## வழி 5: ஒன்றுக்கு மூன்று

இரண்டு சென்சார் வைத்தால் முரண்பாடு தெரியும், எது தப்பு என்று தெரியாது. மூன்று வைத்தால் இரண்டு ஒத்துப்போவதை நம்பலாம். அமெரிக்கக் காலநிலை ஆதார வலையமைப்பு ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று பிளாட்டினம் வெப்பமானிகளைத் தனித்தனி விசிறிக் கூடுகளில் வைத்திருக்கிறது. விசிறிகளின் வேகத்தையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. அப்படியும் ஆண்டுதோறும் நேரில் போய்ப் பராமரிக்கிறது.

மூன்றும் ஒரே தயாரிப்புத் தொகுதியாக, ஒரே கூட்டுக்குள் இருந்தால் மூன்றும் ஒன்றாக நகரும், ஒன்றாக அழுக்காகும். ஒற்றுமையாகப் பொய் சொல்லும். மும்மடங்கு மின்சாரமும் துடைக்க மும்மடங்கு வேலையும் வேறு. மலை உச்சி, தீவு என்று எளிதில் போக முடியாத இடத்துக்கும், ஒரு மணி நேரத் தரவும் இழக்கக் கூடாத இடத்துக்கும் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | அழுக்கு, அடைப்பு | மெல்ல விலகுதல் | சுற்றுப்புற மாற்றம் | பழைய தரவைத் திருத்த | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| நேரில் போவது | மிக நன்று | ஒப்பீட்டுக் கருவி இருந்தால் மட்டும் | மிக நன்று | தொடும் முன் அளந்தால் உதவும் | பயணம், சோதனைத் தண்ணீர் மழையாகப் பதிவது |
| ஆய்வகம் | பிடிக்காது | மிக நன்று | பிடிக்காது | வந்த நிலை அளவு கேட்டால் உதவும் | தரவு இடைவெளி, மாற்று சென்சார், எண் மாற்றிப் போடுவது |
| புதிது மாட்டுவது | சென்சாரில் இருந்தால் போகும் | நீக்கும், அளக்காது | பிடிக்காது | சேர்ந்து ஓடவிட்டால் மட்டும் | தரவில் படி விழுவது |
| தரவைப் பார்ப்பது | பெரும்பாலும் பிடிக்கும் | பொறுமையாகப் பார்த்தால் பிடிக்கும் | ஓரளவு | தொடங்கிய நாளைச் சொல்லும் | தொடர் கவனம், பொய் எச்சரிக்கை |
| மூன்று சென்சார் | ஓரளவு | தனித்தனியே நகர்ந்தால் பிடிக்கும் | பிடிக்காது | நன்று | மின்சாரம், இரட்டிப்புக்கு மேல் வேலை |

திடீர்ச் சாவை அட்டவணையில் சேர்க்கவில்லை. தரவை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரிந்துவிடும், பார்க்காவிட்டால் எந்த வழியும் காப்பாற்றாது.

## சென்சாரைப் பொறுத்து முடிவு மாறும்

நிலையம் முழுவதற்கும் ஒரே வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் காணும் பெரிய வீண்செலவு. மழைமானிக்கும் கதிர்மானிக்கும் கை வேண்டும், போகாமல் முடியாது. கதிர்மானியைத் துடைப்பதோடு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அளவுத்திருத்தத்துக்கும் அனுப்புவது வழக்கம்.

காற்றழுத்த சென்சாருக்காகப் பயணம் போவது அநேகமாகத் தேவையே இல்லை. காற்றழுத்தம் பெரும் பரப்பில் சீராக மாறுவதால், அருகிலுள்ள விமான நிலையத்தின் அறிக்கையோடு அமைதியான வானிலை நாட்களில் ஒப்பிட்டு, பல நாள் சராசரி எடுத்தால் போதும். உயர வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்: கடல்மட்டத்தருகே சுமார் எட்டரை மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல். விமான நிலைய அறிக்கைகள் முழு எண்ணாகக் குறைத்துத் தருவதால் ஒற்றை அறிக்கையை நம்ப வேண்டாம்.

ஈரப்பதம் எல்லாவற்றிலும் வேகமாக நகர்வது. அதை மாற்றிவிடுவதும் உப்புச் சோதனையும் போதும். வெப்பநிலையில் பிளாட்டினம் சென்சார் வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும்; பணமும் உழைப்பும் கூட்டுக்குப் போகட்டும். விசிறிக் கூடு வாங்கினால் விசிறி ஓடுகிறதா என்று தொலைவிலிருந்து தெரியும் ஏற்பாடு வேண்டும். நின்றுபோன விசிறிக் கூடு, விசிறியே இல்லாத சாதாரணக் கூட்டைவிட மோசம்.

காற்றுக்கு, கிண்ண அனிமோமீட்டரில் பேரிங்கை முன்கூட்டியே மாற்றுவதுதான் மலிவு. காதுக்குக் கேட்காத ஒலியலையால் காற்றை அளக்கும் அனிமோமீட்டரில் தேய்மானம் இல்லை, ஆனால் மழைத்துளியும் உட்காரும் பறவையும் தொல்லை. பத்து மீட்டர் கம்பத்தில் ஏற வேண்டியிருப்பதால், எந்த வகையானாலும் ஏறும் ஒரு பயணத்திலேயே சோதனை, மாற்றம் எல்லாவற்றையும் முடியுங்கள்.

## யாருக்கு எது

ஒரே ஒரு நிலையம், பக்கத்திலேயே இருக்கிறது, பாசனத்துக்கோ கற்பிப்பதற்கோ தரவு என்றால் முதல் வழியும் மூன்றாவது வழியும். மாதம் ஒருமுறை ஒரு துணி, ஒரு தூரிகை, ஒரு நோட்டு. ஆய்வகக் கட்டணத்துக்கு அங்கே அவசியமில்லை.

பத்து, இருபது நிலையங்கள் சிதறிக் கிடக்கின்றன என்றால் நான்காவது வழிதான் அடித்தளம். பருவத்துக்கு ஒரு சுற்றுப் பயணம் அதன் மேல். கூடவே, நன்கு அளவுத்திருத்தம் செய்த ஒரே ஒரு பயணக் கருவியை வைத்துக்கொண்டு, அதை மட்டும் வருடம்தோறும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இருபது சென்சாரை அனுப்புவதற்குப் பதில் ஒன்றை அனுப்பி, அதனோடு இருபதையும் ஒப்பிடலாம்.

பல பத்தாண்டு நீளும் காலநிலைப் பதிவு என்றால் ஆய்வகத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள், கருவி மாற்றும்போது சேர்ந்து ஓடவிடுவதையும் விடாதீர்கள். அங்கே 0.3 டிகிரி என்பது பெரிய எண்.

எந்த வழியானாலும், ஒவ்வொரு முறை போகும்போதும் நிலையத்தின் அடியில் நின்று நான்கு திசையிலும் ஒரு படம் எடுத்து, தேதியோடு தரவுக் கோப்பின் பக்கத்திலேயே சேமியுங்கள். நோட்டிலும் இப்படி ஒரு வரி இருக்கட்டும்: வந்த நேரம், போன நேரம், தொடும் முன் அளவு, செய்த வேலை, முடித்த பின் அளவு, பழைய சென்சாரின் சீரியல் எண், புதியதின் சீரியல் எண். நோட்டு நிலையத்திலும் அதன் நகல் தரவோடும் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இருக்கும் நோட்டு மழையில் நனையும் அல்லது ஆளோடு இடம் மாறும்.